இரண்டாம் ஓலை

"ஓலைய நிறுத்தச் சொல்லி ஐயருக்கு நீயே ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துரு எல்சா. அதோட முடிஞ்சுது."

பெனிஸ் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். தங்கை வைத்த காபி ஆறிப் படலம் கட்டியிருந்தது. அவர் மடியில் சபையின் பழைய மினிட்ஸ் புத்தகம் இருந்தது. கமிட்டிச் செயலாளர் என்பதால் அலமாரிச் சாவி அவரிடம்தான் இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை குன்னூர் சபையில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசிக்கப்பட்டது. மணமகள் ஆசிரியை எல்சா, கைம்பெண், நாற்பத்தாறு வயது. மணமகன் தேயிலை ஃபாக்டரியில் டீமேக்கராக இருக்கும் ஹெர்பர்ட், மனைவியை இழந்தவர், ஐம்பது வயது. தடை சொல்ல விரும்புவோர் சொல்லலாம் என்று சபைப் போதகரான ஐயர் நிமிர்ந்து பார்த்தபோது ஓர் இருமல்கூடக் கேட்கவில்லை. இன்னும் இரண்டு ஞாயிறு இப்படி வாசித்துவிட்டால் கல்யாணம்.

"நான் நிறுத்தலீங்கண்ணா."

"வயசுக்கு வந்த புள்ள ஊட்டுல இருக்குது. நாளைக்கு கெஸியாவக் கேட்டு நம்ம ஆளுக வருவாங்களா?"

"வர்றவங்க வரட்டுங்க."

பெனிஸ் குரலைத் தாழ்த்தினார். "அவன் எஸ்டேட் கூலி லயத்துல பொறந்தவன். கோயில்ல ஒரே கிண்ணத்துல குடிக்கறோம், சரி. அது கர்த்தரோட பந்தி. ஊட்டுப் பந்தி வேற. உனக்குத் தெரியாதா?"

அவர் புத்தகத்தைப் பிரித்து, ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"நாளைக்கு ரெண்டாம் ஓலை வாசிக்கறப்ப எந்திரிச்சு இதப் படிப்பேன். பொய் ஒண்ணுஞ் சொல்லப் போறதில்ல. எல்லாம் உன்ற கையெழுத்துதான்."

அவர் போனதும் மகள் கெஸியா உள்ளறையிலிருந்து வந்தாள். கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள், லீவில் வந்திருந்தாள். "மாமா என்னத்தப் படிக்கப் போறாரும்மா?"

இருபத்துமூன்று வருடமாக யாரிடமும் சொல்லாததை எல்சா அன்றைக்கு மகளிடம் சொன்னாள்.

அப்போது இருவரும் பாடகர் குழுவில் இருந்தார்கள். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம் ஹெர்பர்ட்டுடையது. அவர் ஒருநாள் வீட்டுக்கே வந்து பெண் கேட்டார். எல்சாவின் அப்பா அவரை உட்காரச் சொல்லவில்லை. வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிட்டு, மறுவாரம் கமிட்டியில் புகார் கொடுத்தார்: என் மகளுக்கு இவன் ஆபாசக் கடிதம் எழுதுகிறான். விசாரணையில் எல்சாவைக் கூப்பிட்டார்கள். இவரிடம் நீ பழகினாயா என்று கேட்டார்கள். எதிரே அப்பா உட்கார்ந்திருந்தார்.

"இல்லீங்க. அவரா எழுதினாருங்க" என்றாள் எல்சா. கையெழுத்தும் போட்டாள்.

அந்நேரம் ஹெர்பர்ட்டிடம் அவள் எழுதிய பதினொரு கடிதங்கள் இருந்தன. அவர் ஒன்றைக்கூட வெளியே எடுக்கவில்லை. ஆறு மாதம் திருவிருந்தின் அப்பத்திலும் ரசத்திலும் பங்கில்லை, பாடகர் குழுவிலிருந்து நீக்கம் என்று தீர்ப்பானது. அந்த வருடமே எல்சாவுக்கு வேறிடத்தில் கல்யாணம் முடிந்தது. நல்ல மனிதர்தான். ஐந்து வருடத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டார். போன வருடம் லயத்துப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கப் போன இடத்தில், "உக்காருங்க டீச்சர்" என்று நாற்காலி எடுத்துப் போட்டவர் ஹெர்பர்ட். பிறகு அடிக்கடி பார்த்துக்கொண்டார்கள். கல்யாணப் பேச்சை அவர்தான் எடுத்தார். அந்தப் பழைய நாளைப் பற்றி மட்டும் இருவரும் பேசியதே இல்லை.

"அவருகிட்ட மன்னிப்புக் கேட்டியாம்மா?"

"அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"தெரியும். நீ சொன்னியா?"

எல்சா குடையை எடுத்துக்கொண்டு இரண்டு மணி பஸ்ஸில் ஏறினாள். எஸ்டேட் பாதையில் காட்டெருமைகள் நின்றதால் பஸ் கால்மணி நேரம் நின்றது. அந்தக் கால்மணி நேரமும் அவள் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள் ஒன்றும் ஃபாக்டரி வாசலில் ஞாபகம் வரவில்லை.

"அன்னிக்கு நான் பொய் சொன்னேங்க" என்றாள். அதற்கு மேல் வரவில்லை.

ஹெர்பர்ட் கையில் இருந்த தூளைத் தட்டிவிட்டு அவளை வெளியே அழைத்துப் போனார். தேயிலைச் சரிவில் மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது.

"என் பங்க நான் எப்பவோ மறந்துட்டேங்க" என்றார். "சின்ன வயசு, உங்கப்பா எதுத்தாப்ல இருந்தாரு, பயந்துட்டீங்க. ஆனா எங்கம்மா..." நிறுத்தினார். "சாந்தாமணி மகன் பொம்பளப் பிள்ளைக்கு அசிங்கமா எழுதினான்னு லயம் பூரா பேச்சு. அம்மா கோயிலுக்குப் போறத நிறுத்திருச்சு. மூணாம் மாசம் செத்துப்போச்சு. நான் தண்டனையில இருந்தேன்ல, ஐயரு வரல. கோயில் மணி அடிக்கல. நாங்களே ஜெபம் பண்ணிப் பொதைச்சோம்."

எல்சாவுக்கு அந்த வாரம் நினைவிருந்தது. செய்தி அவள் வீட்டுக்கும் வந்தது. ஞாயிறன்று அவள் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடினாள்.

"லெட்டரக் காட்டியிருக்கலாமேங்க. ஏன் காட்டல?"

"காட்டியிருந்தா உங்கள அடிச்சே கொன்னுருப்பாரு." ஹெர்பர்ட் சரிவைப் பார்த்தபடியே சொன்னார். "என்னோடத மன்னிக்க எனக்கு உரிமை இருக்கு. எங்கம்மாவோடத மன்னிக்க நான் யாருங்க?"

நாளைக்கு அண்ணன் எழுந்து படிக்கப் போவதை அவள் சொன்னாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். கோயிலுக்கு வருவீர்களா என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் ஐயர் இரண்டாம் ஓலையை வாசித்து முடித்தார். பெனிஸ் எழுந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வருடம் தேதியோடு நிதானமாகப் படித்தார். பெண்ணின் சம்மதமில்லாமல், முறைகேடான கடிதங்கள், பெண்ணே ஒப்பமிட்டது. படித்துவிட்டு, "இப்பேர்ப்பட்டவருக்கு இந்தச் சபையில விவாகம் செஞ்சு வைக்கலாமான்னு ஐயருதான் சொல்லோணும்" என்று உட்கார்ந்தார். சாதி என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை.

எல்சா எழுந்தாள். முன் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"அது என்ற கையெழுத்துதானுங்க. நான் எழுதிக் குடுத்தது பொய்யுங்க. நானுந்தான் அவருக்கு லெட்டர் எழுதினேன், பதினொண்ணு. அவரு லயத்துக்காரருன்னு எங்கப்பா பொண்ணு குடுக்க மாட்டேன்னாரு. நான் பயந்துட்டு அவரு மேல பழியப் போட்டேன். அவுங்கம்மா சாந்தாமணி செத்தப்ப இந்தக் கோயில் மணி அடிக்கல. அதுக்கும் நாந்தான் காரணமுங்க."

மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. இடப்பக்கக் கடைசி வரிசையில் ஹெர்பர்ட் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதை அவள் அப்போதுதான் கண்டாள்.

ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. முக்கால் மணி நேரம் பேசினார்கள். இருபத்துமூன்று வருடத்துக்கு முன் முடிந்துபோன தீர்மானத்தை இப்போது திருத்த முடியாது. ஹெர்பர்ட் பேரில் எழுதியது எழுதியபடியே இருக்கும். ஆனால் சபை முன்பாகப் பொய்ச்சாட்சி சொன்னதை எல்சா தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதால், அவளுக்கு ஆறு மாதம் திருவிருந்தில் பங்கில்லை. ஞாயிறு பள்ளியிலும் இனிப் பாடம் எடுக்கக் கூடாது. மூன்றாம் ஓலை நிறுத்தி வைக்கப்படுகிறது. பொய் சொன்ன நாளில் அதே கமிட்டி அவளை நல்ல பெண் என்று பாராட்டி அனுப்பியது அவளுக்கு நினைவு வந்தது.

பெனிஸ் பேனாவை நீட்டினார். இந்த முறை அவள் முழுவதும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே ஹெர்பர்ட் குடையோடு நின்றிருந்தார். "என்னங்க சொன்னாங்க?"

சொன்னாள். அவர் குடையை அவள் பக்கம் சாய்த்து, "ரிஜிஸ்டர் ஆபீசுல நோட்டீஸ் ஒட்டி ஒரு மாசந்தான்" என்றார். "நாளைக்கு நான் லீவு சொல்லிட்டு வரட்டுமா?"

"வாங்க" என்றாள். "ஆனா கோயிலுக்கு வர்றத நான் நிறுத்த மாட்டேனுங்க. ஆறு மாசமும் வந்து உக்காருவேன்."

அடுத்த மாத முதல் ஞாயிறு திருவிருந்து. வரிசை வரிசையாக எழுந்து பீடத்துக்குப் போனார்கள். எல்சா எழவில்லை. பக்கத்தில் கெஸியாவும் எழவில்லை.

"நீ போ கண்ணு. உனக்குத் தடையில்ல."

"பரவால்லம்மா."

இடப்பக்கம் ஹெர்பர்ட் உட்கார்ந்தே இருந்தார். அவருக்குப் பின்னால் லயத்துப் பெண்கள் மூன்று பேர் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு அப்படியே இருந்தார்கள். பிறகு அந்த வரிசை முழுவதும். அதற்கு முந்தைய வரிசையும். யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. எல்சாவின் கண்ணில் நீர் திரண்டது சந்தோஷத்தால் அல்ல. சாந்தாமணிக்காக இப்படி ஒருவர்கூட உட்காரவில்லையே, நானும் உட்காரவில்லையே என்றுதான்.

அன்று அப்பம் நிறைய மீந்துபோனது. ஆசீர்வதித்ததை வைக்கக் கூடாது, கொட்டவும் கூடாது என்பது முறை. பாடகர் குழு பாட்டை முதலிலிருந்து மறுபடியும் தொடங்க, ஐயர் சபைக்கு முதுகைக் காட்டி நின்று அத்தனையையும் தனியாக மென்று தின்றார்.