திரும்பிப் பார்க்கும் அன்னம்

என் மனைவி மைதிலி கடைசியாக வரைந்த டிசைன் ஓர் அன்ன வரிசை. தன் தங்கை மோனிஷாவின் கல்யாணப் புடவை முந்தானைக்காக வரைந்தாள். நெய்வதற்குள் காய்ச்சல் வந்தது. இறந்துவிட்டாள். டிசைன் ஒரு பென் டிரைவில் இருந்தது.

ஜலகண்டாபுரத்திலிருந்து மாமனார் தீனதயாளன் போன் செய்தார்.

"தறிக்குக் கன்ட்ரோல் பெட்டி புதுசு மாத்துனமுங்க மாப்ள. மைதிலி டிசைனு சின்னாபின்னமா வருது. கம்ப்யூட்டர் படிச்சவரு, ஒருக்கா வந்து பாருங்க."

போனேன். நெய்து பார்த்த மாதிரித் துணியைக் காட்டினார். அலகு வாலுக்குப் பின்னால் இருந்தது. கழுத்து துண்டு துண்டாக இருந்தது.

கோப்பைத் திறந்து பார்த்தேன். பழைய பெட்டியின் பிராசஸர் பதினாறு இழைகளை எட்டெட்டாகப் பிரித்து, இடப்பகுதியை முதலில் எழுதும். புதியதில் பிராசஸரும் வேறு, ஆப்பரேட்டிங் சிஸ்டமும் வேறு. அது வலப்பகுதியை முதலில் எதிர்பார்க்கும்.

"எதுவும் அழியலைங்க மாமா. இனிஷியல முன்னால எழுதுனா ஒரு பேரு, பின்னால எழுதுனா ஒரு பேரு. அந்த மாதிரி இடம் மாறியிருக்குது."

"ஊடு மாறிப் போச்சு, ஆளு பத்திரம்ங்கறீங்க."

நான் கணினியின் பக்கம் திரும்பினேன்.

சின்ன புரோகிராம் ஒன்று எழுதி எல்லா எட்டுகளையும் இடம் மாற்றினேன். அன்னங்கள் வரிசையில் நின்றன. ஒன்று மட்டும் தலையைப் பின்னால் திருப்பியிருந்தது. மிச்சமிருந்த பழுது என்று நினைத்து, பக்கத்து அன்னத்தை அதன்மேல் பதித்தேன். பென் டிரைவிலேயே அதே பெயரில் சேமித்தேன். வேலையில் நகல் எடுக்காமல் எதையும் தொடமாட்டேன். அன்று எடுக்கவில்லை.

தறியில் துணியின் நல்ல பக்கம் கீழே இருக்கும். மாமனார் அடியில் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தார். தறியை நிறுத்தினார்.

"ஏனுங்க, திரும்புன அன்னம் எங்க?"

"அது தப்புங்க. சரி பண்ணிட்டேன்."

"தப்பில்லீங்க. கல்யாணச் சேலைல கண்ணு படாம இருக்க ஒண்ண மாத்தி வெக்கறது எங்க ஊட்டு வழக்கம். அவ வெச்சதுங்க அது."

பென் டிரைவில் தேடினேன். நான் மாற்றிய கோப்பு மட்டும்தான் இருந்தது.

"போவுது விடுங்க மாமா," என்றாள் பக்கத்தில் நின்ற மோனிஷா என்னிடம். "வேற ஒண்ணு வரைஞ்சுக்கலாம்."

"யாரு வரையறது?" என்றேன்.

தறியைப் பார்த்தேன். அப்போதுதான் தோன்றியது. அந்தச் சிதைந்த துணி. அதில் எதுவும் அழியவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. அந்த அன்னமும் அதில் இருக்கும்.

"முதல்ல நெய்ஞ்ச துணி எங்க?"

"அந்தக் கோணத் துணியா? அம்மா அடுப்படிக்கு எடுத்துட்டுப் போச்சு," என்றாள் மோனிஷா.

ஓடினேன். மாமியார் அதைப் பிடித்துச் சோற்றுப் பாத்திரத்தை இறக்கிக்கொண்டிருந்தார்.

"அத்தை, கீழ வெய்யிங்க!"

"எதைச் சாமி? சோத்தையா, துணியவா?"

ஓரத்தில் கரி. அன்னம் இருந்த இடம் தப்பியிருந்தது. மோனிஷா ஊசிமுனையால் இழை இழையாகத் தள்ளி, பூவேலை வந்த இழை எது, வராதது எது என்று படித்தாள். நான் ஒவ்வோர் எட்டையும் இடம் மாற்றிக் கணினியில் பதித்தேன். இந்த முறை நகல் எடுத்தேன்.

மறுபடி தறி ஓடியது. கண்ணாடியை நான் பிடித்தேன். அன்னங்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் முன்னால் பார்த்துப் போயின. பிறகு ஒன்று திரும்பிப் பார்த்தது.

"கண்ணாடிய ஆட்டாதீங்க மாப்ள," என்றார் மாமனார்.