விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு சாபம்

பெற்ற பிள்ளையைப் பார்த்து, அதுவும் விளக்கு வைக்கும் நேரத்தில், "நீ அழிந்து போவாய்" என்று சொல்ல எந்த அம்மாவுக்கு வாய் வரும்? வைதேஹிக்கு வரவில்லை. ஒத்திகையில் அந்த இடம் வந்தாலே, "இங்கே சாபம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வசனத்துக்குத் தாவிவிடுவாள். மேலே ததாஸ்து தேவதைகள் சுற்றிக்கொண்டிருக்குமாம்; காதில் விழுந்ததை அப்படியே ஆகட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விடுமாம். இது நாடகம் என்று அதுகளுக்கு யார் போய்ச் சொல்வது?

ராஜமாதாவாக நடிக்க வேண்டியவள் ஜெயலட்சுமி. கடைசி வாரம் டெங்கு வந்து படுத்துவிட்டாள். தலைநகரில் கோல் மார்க்கெட் தமிழ்ப் பெண்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவ, இயக்குநர் கிருஷ்ணபிரசாத் அந்த வேஷத்தை வைதேஹியின் தலையில் கட்டினார். இளவரசன் அவள் பிள்ளை அஷ்வத். அமைச்சகத்தில் உத்தியோகம். தமிழ் படிக்கத் தெரியாது. வசனத்தை இந்தி எழுத்தில் எழுதி உருப்போட்டான். ஆனால் நடிப்பு, சொல்லக்கூடாது, பிரமாதம். நாடகத்தன்று சாயங்காலம் முன்வரிசையில் ஒரு பெரிய நாடகக் குழுவின் ஆள் அவனைப் பார்க்கவே வந்திருந்தார். கதைப்படி தாய் சபித்தால்தான் மகன் சாக முடியும். நன்றாகச் செத்துக் காட்டினால்தான் அவனுக்கு அந்தக் குழுவில் இடம்.

"பகைவனுக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டவள் நீதானே?" என்று அஷ்வத் வாளை உருவினான். ராஜமாதா கொதிக்க வேண்டும். வைதேஹி கூரையைப் பார்த்தாள். கிருஷ்ணபிரசாத் திரைக்குப் பின்னாலிருந்து வசனத்தை எடுத்துக்கொடுத்தார். மறுபடியும், அரங்கமே கேட்கிற மாதிரி எடுத்துக்கொடுத்தார்.

"நீ... நன்னா இரு" என்றாள் ராஜமாதா.

சபையில் கொல்லென்று சிரிப்பு. அஷ்வத்துக்கு முகம் செத்துப்போனது. குலத்துக்கே களங்கம், அது இது என்று இன்னும் காரமாகத் திட்டிப் பார்த்தான். குழந்தைக்குத் தொண்டை கட்டிக்கொள்ளுமே என்று அவளுக்குக் கவலைதான் வந்தது, கோபம் வருவேனா என்றது. கடைசியில் காலில் விழுகிற மாதிரி மண்டியிட்டு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"அம்மா, வேலையை ரிசைன் பண்ணிட்டேன். முந்தாநாளே லெட்டர் குடுத்தாச்சு. இனிமே எனக்கு நாடகம்தான்."

மாமனார் பார்த்தது, வீட்டுக்காரர் பார்த்தது, இவன் எத்தனையோ பரீட்சை எழுதி வாங்கியது அந்த சர்க்கார் வேலை! வைதேஹிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தேவதையாவது ஒன்றாவது. "நாசமாப் போடா!" என்று அவள் போட்ட சத்தத்தில் மைக் கீச்சிட்டது. எழுதிக்கொடுத்த வசனம் அதுவல்ல. அதனால் என்ன, இளவரசன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்து, தவியாய்த் தவித்து, அவ்வளவு அழகாகச் செத்தான். முன்வரிசைக்காரர் எழுந்து நின்று கைதட்டினார்.

அப்போதுதான் வைதேஹிக்கு உறைத்தது. ஐயோ, என்ன வார்த்தை சொல்லிவிட்டோம்! பிள்ளை மேல் விழுந்து அழுதாள். அது நடிப்பே இல்லை. மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்து, சொன்னது வாபஸ், வாபஸ் என்று கைதட்டலையும் மீறிக் கத்தினாள். இந்தக் கூச்சலில் தேவதைகளுக்குக் காதில் விழ வேண்டுமே.

திரை இறங்கியது. பிணம் ஒற்றைக் கண்ணைத் திறந்து, சூப்பர் என்று பாராட்டியது. ரிசைன் பண்ணினது நிஜமா என்று கேட்டாள். நிஜம்தான் என்றான்.

வைதேஹி கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அச்சா. நான் சாபத்தை வாபஸ் வாங்கிண்டாச்சு. நாளைக்குக் கார்த்தால ஆபீஸுக்குப் போய் நீ லெட்டரை வாபஸ் வாங்கு."