பெட்டியில் எழுதியிருந்தது

ஏப்ரல் பிறந்துவிட்டால் எங்கள் மொன்டானா பக்கத்தில் தரை அணில்கள் மாட்டுத் தீவனத்துக்கான குதிரைமசால் வயலைச் சல்லடையாக்கிவிடும். போன வாரம் அப்படி ஒரு வளைக்குள் கால் விட்டு எங்கள் சினைப்பசுவுக்குக் கால் முறிந்தது. அதனால்தான் என் கொழுந்தன் மெர்லினைத் துப்பாக்கியோடு வரச் சொன்னேன். இல்லாவிட்டால் அந்த வாயாடியை யார் கூப்பிடப் போகிறார்கள்?

கேட்டிலேயே நிறுத்தி, தோட்டாப் பெட்டியைக் காட்டச் சொன்னேன். மெல்லிய செப்புத் தோல் போட்ட குண்டு மண்ணில் பட்டதும் பொடிப்பொடியாகிவிடும். அணிலும் அங்கேயே தீர்ந்துவிடும். தோல் கெட்டியாக இருந்தால் கல்லில் பட்டு எகிறி எங்கேயோ போய் இறங்கும். மேட்டுக்கு அந்தப் பக்கம் என் கணவர் டெல்மர் பாசனக் குழாய்களை இடம் மாற்றிக்கொண்டிருந்தார். விளையாட்டா இது? பெட்டியில் மெல்லிய தோல் குண்டின் பெயர்தான் அச்சடித்திருந்தது.

"ஏர்போர்ட்ல கூட இவ்வளவு சோதனை இல்ல, லியோட்டா. ஷூவையும் கழட்டட்டுமா?" என்றான்.

போடா என்று கேட்டைத் திறந்துவிட்டேன்.

மூன்றாவது முறை சுட்டபோது, வெடிச்சத்தத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட ஊளை கிளம்பி மேட்டைத் தாண்டிப் போனது. குண்டு கல்லில் பட்டு எகிறிய சத்தம் அது. சுடாதே என்று கத்திக்கொண்டே மேட்டில் ஏறினேன். டெல்மர், டெல்மர் என்று கூப்பிட்டேன். பதிலே இல்லை. பாவி, அவரைக் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

உச்சிக்குப் போனபோது அவர் நின்றுகொண்டிருந்தார். இடுப்பளவில் தூக்கிய அலுமினியக் குழாயைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். திடீரென்று உதறியதாம், கை மரத்துப் போய்விட்டதாம். அவர் பிடித்திருந்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, வயிற்றுக்கு நேராக ஓட்டை. என் கட்டைவிரல் உள்ளே போனது.

மெர்லின் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். இங்கே முக்கால்வாசிப் பேர் சுட்டு முடிந்த உறைகளில் மருந்தும் குண்டும் வைத்துத் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்வார்கள். காலிப் பெட்டியை ஒருவரும் எறியமாட்டார்கள். மலிவாகக் கிடைத்த கெட்டித் தோல் குண்டுகளை நிரப்பி, பழைய பெட்டியில் அடுக்கியிருக்கிறான் மடையன். குழாயைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது.

"பெட்டியை நீதானே பாத்தே?" என்றான்.

அறைந்திருப்பேன். கை எழவில்லை.

"ஆமா, பெட்டியைத்தான் பாத்தேன். உள்ள ஒண்ணைக்கூட எடுத்துப் பாக்கல. இவர் செத்திருந்தா ஷெரிஃப்கிட்ட நாம ரெண்டு பேரும் பெட்டியில அப்படித்தான் எழுதியிருந்துச்சுன்னு சொல்லியிருப்போம்."