சூடு ஆறாத படுக்கை

சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையை ஒட்டிய மண்டபத்தில் சேதுபதிக்குப் பொன்னாடை போர்த்திய சங்கத் தலைவர் சுந்தரேசன், அவரை "அலைகடல் அரிமா" என்று அறிவித்துவிட்டு மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

அறுபதுகளில் இந்தோனேசியா வம்புக்கு நின்ற காலத்தில் ரோந்துக் கப்பலில் இருந்தவர் சேதுபதி. அரிமாவுக்கு அதிகம் நினைவிருந்தது ஈரக் காலுறையும் வாந்தி வாளியும்தான். இருட்டில் விளக்கில்லாத படகு வந்தால், உள்ளே இருப்பது மீனா வெடிமருந்தா என்று கிட்டப் போய்த்தான் பார்க்க வேண்டும். பக்கத்தில் கோவிந்தராசு நிற்பான். அவன் ஓடவில்லையே என்று இவரும் ஓடவில்லை. ஓடக் கப்பலில் இடமும் இல்லை.

பையில் போன் அதிர்ந்தது. கோவிந்தராசுவின் மகள் அனுப்ரியா. பொங்கோல் முதியோர் இல்லத்தில் இருக்கும் அப்பாவுக்கு நினைவு தப்பிக்கொண்டே வருகிறது. நேற்றிலிருந்து ஜன்னலை விட்டு நகரவில்லை, உட்காரவில்லை, கால் வீங்கிவிட்டது, இதயம் தாங்காது என்கிறார் டாக்டர். சண்டை எப்பவோ முடிந்துவிட்டது என்று இவள் சொன்னதற்கு, மெதுவாகப் பேசு என்றாராம்.

"நீங்க சொன்னா கேப்பாங்க மாமா."

சுந்தரேசன் அப்போதுதான் சோழர் கடற்படையைத் தொட்டிருந்தார். சேதுபதி வாழும் நூற்றாண்டுக்கு வர நேரமாகும். பொன்னாடையோடே இறங்கி டாக்சி பிடித்தார்.

கோவிந்தராசு ஜன்னல் கம்பியைப் பற்றியபடி ஜோகூர் நீரிணையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய், டியூட்டி முடிஞ்சிருச்சு. போய்ப் படு."

அவர் திரும்பவே இல்லை. சேதுபதி கட்டிலைப் பார்த்தார். கசங்காத விரிப்பு. சட்டென்று புரிந்தது. அந்தக் கப்பலில் ஆளுக்கொரு படுக்கை கிடையாது. இவர்கள் இருவருக்கும் ஒன்றுதான். ஒருவன் எழுந்து காவலுக்கு வந்தால், அவன் விட்ட சூட்டிலேயே மற்றவன் போய்ப் படுப்பான். படுக்கை ஜில்லென்று கிடந்தால் அதிலிருந்து எழுந்துவர மாற்று ஆள் இல்லை என்று அர்த்தம். அவன் வராமல் எப்படிக் காவலை விடுவது?

செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்தார்.

"அங்கிள், அது பேஷண்ட் பெட் லா," என்றாள் தாதி. அனுப்ரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கழுத்துவரை போர்த்திக்கொண்டு, உடம்புச் சூடு விரிப்பில் இறங்கும்வரை கிடந்தார். பிறகு எழுந்துபோய் ஜன்னலருகே நின்றார்.

"வந்துட்டேன்."

"லேட்டு," என்றார் கோவிந்தராசு. "என்னைக்குத்தான் நீ நேரத்துக்கு வந்திருக்க?"

"என்ன தெரியுது?"

"இடப்பக்கம் ஒரு படகு. விளக்கில்ல."

பட்டப்பகலில் இரண்டு பிள்ளைகள் கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இடப்பக்கம் ஒரு படகு, விளக்கில்ல. இனி நான் பாத்துக்கறேன்."

கோவிந்தராசுவின் விரல்கள் ஒவ்வொன்றாகக் கம்பியை விட்டன. கட்டிலுக்குப் போய் உள்ளங்கையால் விரிப்பைத் தடவினார். படுத்தார். கொஞ்ச நேரத்தில் பழைய குறட்டை கிளம்பியது, பழுதுபார்க்காத டீசல் எஞ்சின் போல. வீங்கிய கால்கள்மேல் சேதுபதி பொன்னாடையைப் போர்த்தினார். அதற்கு முதன்முறையாக ஒரு வேலை கிடைத்தது.

போன் மறுபடி அதிர்ந்தது. நன்றியுரைக்கு அரிமாவைத் தேடுகிறார்கள் போலிருக்கிறது. எடுக்கவில்லை.

அனுப்ரியா நாற்காலியை இழுத்துப் போட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தார்.

"அதான் தூங்கிட்டாங்களே மாமா. இன்னும் எவ்ளோ நேரம் நிப்பீங்க?"

"அவன் எந்திரிச்சு வர்ற வரைக்கும்மா."

முட்டி வலித்தது. அனுப்ரியா சூடான மைலோக் கோப்பையை அவர் கையில் கொடுத்தபோதும், கண் அந்தக் கயாக்கின் மேலேயே இருந்தது.