எதிர்த்துறை

ஐந்தாம் படிக்கு வந்த மந்திரவாதி ஒரு துறையைத் தெரிந்தெடுக்க வேண்டும். அதற்கு எதிரான துறை அன்றோடு மூடிவிடும். தாளும் பகடையும் வைத்துக் கதையாக ஆடும் அந்த விளையாட்டில், பாலேந்திராவின் மேசைச் சட்டம் அது. மற்றதெல்லாம் பென்சிலில் எழுதுவார்கள். மூடிய துறையை மட்டும் பேனையால் வெட்டுவார்கள்.

1991 மார்ச், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். லண்டனின் மிச்சம் என்ற பகுதியில், கடைக்கு மேலிருந்த பாலேந்திராவின் வீடு. கதையை நடத்துபவன் அவன். அவன் முன்னால் ஒரு மறைப்பு அட்டை நின்றது. அதற்குப் பின்னாலிருந்து பொய் சொல்வதில்லை என்பது அவனுடைய இன்னொரு சட்டம். எதிரே சூசைதாசனும் செல்வமலரும் இருந்தார்கள். நாலாவது கதிரையில் ஒரு தாள் மட்டும் கிடந்தது.

அது செல்வமலரின் அண்ணன் வாசுதேவன் விளையாட்டில் ஆடிய வீரனின் தாள். போன மே மாதம், ஒரு மாதத்தில் வருவதாகச் சொல்லி யாழ்ப்பாணம் போனான். ஜூனில் சண்டை தொடங்கியது. பிறகு செய்தி இல்லை. போகுமுன் கதையில் தன் வீரனை ஒரு குகைக்குள் விட்டிருந்தான். செத்த வீரனின் தாளைக் கிழிப்பார்கள். இதை யாரும் தொடவில்லை.

இன்று செல்வமலரின் மந்திரவாதி ஐந்தாம் படிக்கு வந்திருந்தாள்.

“தோற்ற வித்தையை எடு,” என்றான் பாலேந்திரா. “வாசுவின்ர வீரனை அப்பிடியே உருவாக்கலாம். எங்களோட நடந்து வருவான்.”

“எதிர்த்துறை என்ன, அண்ணை?”

“செத்தவையோட கதைக்கிற வித்தை. அது உனக்கென்னத்துக்கு?”

சூசைதாசன் சிரித்தான். “வெள்ளிக்கிழமை முட்டையும் தொடாத ஆள், மண்டையோடு தூக்கப் போறாவோ?”

அவள் சிரிக்கவில்லை. “உயிரோட இருக்கிற ஆளை அந்த வித்தையால கூப்பிட்டால்?”

“பதில் வராது.”

“அப்ப அதை எடுத்து, குகை வாசல்ல நிண்டு கூப்பிடுறன். பதில் வராட்டி உள்ளுக்க உயிரோட இருக்கிறான்.”

“அது வேண்டாம், மலர்.”

பாலேந்திராவின் கை பட்டுப் பகடை ஒன்று உருண்டு விழுந்தது. அவன் குனிந்து எடுக்கவில்லை.

செல்வமலர் அவனைப் பார்த்தாள். கதை அவனுடையது. அவள் கூப்பிடும்போது அவன் பேசாமல் இருந்தாலே போதும், வீரன் உயிரோடிருப்பான். பிறகென்ன பயம்?

நேற்று முன்தினம் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு வெள்ளியும் அவளுடைய அம்மாவை ஆர்ச்வே முருகன் கோயிலுக்குக் காரில் கூட்டிப்போவது அவன். வாசுதேவனின் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை நடக்கும். உயிரோடிருப்பவருக்குத்தான் அப்படிச் செய்வது. ஐயரிடம் பெயரைச் சொல்வதும் அவன்தான். இந்த வெள்ளி மட்டும், காரை விட இடமில்லை என்று உள்ளே வரவில்லை. தெருவில் இடம் தாராளமாக இருந்தது.

அவள் பேனையை எடுத்தாள். தோற்ற வித்தையை வெட்டினாள்.

சூசைதாசன் அவளையும் பாலேந்திராவையும் மாறிமாறிப் பார்த்தான்.

“கூப்பிடுறன்,” என்றாள். “வாசுதேவன்.”

வீரனுக்கு வேறு பெயர் இருந்தது. யாரும் திருத்தவில்லை.

பாலேந்திரா மறைப்பு அட்டையை மடித்து வைத்தான்.

“வியாழக்கிழமை கொழும்பிலயிருந்து எனக்கு வாசுவைப் பற்றிக் கடிதம் வந்தது,” என்றான். “அம்மாவுக்கு என்னண்டு சொல்லுறதெண்டு தெரியேல்லை.”

“எப்பவாம்?”

“போன ஜூலை.”

அதற்குப் பிறகு அம்மா ஒரு வெள்ளியைக்கூடத் தவறவிட்டதில்லை.

செல்வமலர் கடிதத்துக்குக் கை நீட்டினாள். நின்றபடியே வாசித்தாள். பிறகு தன் குளிர்கோட்டை எடுத்து மாட்டினாள்.

“அம்மா வீட்டிலதான் நிக்கிறா. வாங்கோ அண்ணை. நான் சொல்லுறன்.”