நகராத எண்

என் ரத்தத்தில் சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்று கேட்டால் டாக்டரம்மாவுக்கே ஒரு வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை. "இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. பார்டர்ல நிக்குது" என்றார். பார்டர் என்றால் எனக்குப் புடவைதான் தெரியும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதே நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

காலையில் வெறும் வயிற்றில் தொண்ணூற்றைந்து, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து நூற்றிருபது. இதுதான் கோடு. தாண்டினால் ஊசி மருந்து. தாண்டாதவரை வாயைக் கட்டு, நட, வேளாவேளைக்கு விரலில் குத்திப் பார், வாரத்துக்கு இரண்டு தடவை வந்து வயிற்றில் பெல்ட் கட்டிக் குழந்தையின் துடிப்பைக் காட்டிவிட்டுப் போ. குத்திப் பார்க்கக் கைக்கு அடக்கமாக ஒரு மீட்டர் கொடுத்தார்கள்.

இதற்கு முன் ஒன்று ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. வலி இல்லை, ரத்தம் இல்லை, முன்கூட்டி ஒரு குறிப்பும் இல்லை. வழக்கமான ஸ்கேன் என்று போய்ப் படுத்தேன். அதனால் இந்தத் தடவை மீட்டர் வாய் திறந்து ஏதாவது சொன்னால் ஒன்று விடாமல் கேட்டுக்கொள்வது என்று முடிவுகட்டியிருந்தேன். விரல் நுனியெல்லாம் சல்லடை ஆனாலும் பரவாயில்லை, இந்தக் குழந்தை எனக்கு வேண்டும்.

மீட்டர் சொன்னது தொண்ணூற்றைந்து.

முதல் நாள் காலை தொண்ணூற்றைந்து. மறுநாளும் அதேதான். அதற்கடுத்த நாளும். சாப்பிட்ட பிறகு நூற்றிருபது, ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. முதலில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு வாரம் ஆனதும் ஒரே வேளையில் இரண்டு விரலில் குத்திப் பார்க்க ஆரம்பித்தேன்.

"மீட்டர் செத்துப்போச்சு அண்ணி. கடைக்காரன் தலையில கட்டுற பழைய சரக்கு" என்றாள் நாத்தனார். எங்களோடு இருக்கிறாள், கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற வேலை. வீட்டிலும் ஒரு காலை பிரேக்கில் வைத்தபடிதான் பேசுவாள். நான் எதையாவது எடுத்து வாயில் போடப்போனால் "நிறுத்து, நிறுத்து" என்று அலறுவாள்.

அவள் விரலில் குத்திப் பார்த்தோம். எண்பத்தெட்டு. மறுநாள் தொண்ணூற்றிரண்டு. இரண்டு வாழைப்பழத்தை உள்ளே தள்ளிவிட்டு வந்தபோது நூற்று முப்பதுக்கு மேல். மீட்டருக்கு ஒரு கோளாறும் இல்லை. வேறு மீட்டர் வாங்கிப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் கை நரம்பிலிருந்து எடுத்தும் பார்த்தார்கள். எங்கே பார்த்தாலும் எனக்கு மட்டும் தொண்ணூற்றைந்து.

"உன்னோடது ஊர் சுத்துது, என்னோடது மட்டும் வாசல்ல காவல் நிக்குது" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். சொன்ன பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

வாஷிங் மெஷின் கம்பெனியில் புகார் வருகிற தொலைபேசியை எடுப்பது என் வேலை. காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. மெஷின் அதிருது, மெஷின் உறுமுது, நடுவுல நின்னு யோசிக்குது என்பார்கள். நான் எதிரே திரையில் எழுதியிருப்பதைக் குழைந்து குழைந்து சொல்வேன். "அது நார்மல்தான் சார், கவலைப்படாதீங்க." அந்த மெஷின்களில் ஒன்றைக்கூட நான் கண்ணால் பார்த்தது கிடையாது.

அங்கே ஒருத்தருக்குப் பிறந்தநாள் வந்தது. கேக் வெட்டினார்கள். எனக்கு என்னமோ வெறி பிடித்தது. ஆகட்டும், இன்றைக்கு உன்னை நகர்த்தாமல் விடுவதில்லை என்று இரண்டு துண்டை, க்ரீமோடு, நின்றபடியே தின்றேன். தின்னும்போது வயிற்றில் அசைவே இல்லை. யாரோ கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. இரண்டு மணி நேரம் கழித்துக் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக் குத்திப் பார்த்தேன். நூற்றிருபது. எண் திரையில் வந்த அதே நொடியில் உள்ளே குழந்தை ஒரு பக்கமாகப் புரண்டது.

மறுநாள் மதியம் வெறும் வெள்ளரிக்காயும் தண்ணீரும். நூற்றிருபது.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இந்த எண்ணை நான் பிடித்துவைத்திருக்கவில்லை, என் சாப்பாடும் பிடித்துவைத்திருக்கவில்லை. உள்ளே இருந்து ஒருத்தர் பிடித்துக்கொண்டிருக்கிறார். நான் கூட்டினால் குறைத்து, நான் குறைத்தால் கூட்டி, கோட்டின் மேல் அப்படியே நிறுத்திவைக்கிறார். வயிற்றில் இருக்கிற குழந்தையைப் பார்த்து ஒரு தாய் பயப்படலாமா என்று கேட்பீர்கள். நான் பயந்தேன். கண்ணாடி முன்னால் நின்று வயிற்றைப் பார்க்கக்கூட பயந்தேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிற பட்டறையில் வேலை பார்க்கிறவர், எதையும் இரண்டு பூச்சு கொடுத்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர். "கோட்டைத் தாண்டலல்ல? அப்புறம் என்னம்மா? சமத்துப் பிள்ளை, அம்மாவுக்கு ஊசி வேணாம்னு பாக்குது" என்றார்.

டாக்டரம்மாவிடமும் சொன்னேன். "தினமும் ஒரே எண்ணா வர்றது தற்செயல்தான். தாண்டினா மட்டும் உடனே சொல்லுங்க" என்றார். தாண்டினால் செய்வதற்கு அவர்களிடம் எல்லாம் இருந்தது. நிற்கிற எண்ணுக்குச் செய்ய யாரிடமும் ஒன்றும் இல்லை.

வாரத்துக்கு இரண்டு தடவை பெல்ட். நீளமான அறை, திரைச்சீலை போட்டுப் பிரித்த கட்டில்கள். கட்டிவிடுகிற நர்ஸை வருகிற பெண்கள் எல்லோரும் பெல்ட் அக்கா என்றே கூப்பிடுவோம். ஒவ்வொரு திரைச்சீலைக்குப் பின்னாலிருந்தும் ஒரு துடிப்பு கேட்கும். ஒன்று ஓடும், ஒன்று தாவும், ஒன்று களைத்து மறுபடி ஓடும். என்னுடையது மட்டும் யாரோ மாடிப்படியில் ஒரே சீராக இறங்கி வந்துகொண்டே இருப்பது போலக் கேட்கும். படி முடியவே முடியாது.

"உம் பிள்ளை நேரம் தவறாத ஆளா வரும்" என்பார் பெல்ட் அக்கா.

போகப்போக நான் அதனோடு பேச ஆரம்பித்தேன். குத்துவதற்கு முன் வயிற்றில் கை வைத்து, "இன்னைக்காவது ஒண்ணு ஏறு, இல்ல இறங்கு. என்ன வேணும்னு சொல்லித் தொலை" என்பேன். தொண்ணூற்றைந்து. அழுதிருக்கிறேன், திட்டியிருக்கிறேன். ஒரு நாள் மீட்டரைத் தூக்கி எறிந்தேன். நாத்தனார் சோபாவுக்கு அடியிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

பிரசவத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது, ஒரு காலை, எண்பத்தொன்று.

நம்ப முடியாமல் இன்னொரு விரலில் குத்தினேன். எண்பத்தொன்று. மறுநாள் எழுபத்தாறு. நாத்தனார் "அண்ணி, பாஸ்! லைசென்ஸ் கையில குடுத்தாச்சு" என்று கட்டிப்பிடித்துக் குதித்தாள். வீட்டுக்காரர் வேலைக்குப் போகிற வழியில் திரும்பி வந்து கேக் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார், பெட்டி நிறைய. மாதக்கணக்கில் என்னைத் திருடியைப் போலக் காவல் காத்தவர்கள், "சாப்பிடு, சாப்பிடு" என்று ஊட்டிவிடாத குறை. ஒரு பெரிய துண்டு தின்றேன். இரண்டு மணி நேரம் கழித்து எண்பத்தெட்டு.

எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். எனக்கு மட்டும் முடியவில்லை. இத்தனை நாள் ஓடிக்கொண்டிருந்த ஃப்ரிட்ஜ் சட்டென்று நின்றுவிட்டால் வீடு எப்படி இருக்கும், அப்படி இருந்தது என் உடம்பு. வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். அசைவு இருந்தது, ஆனால் தூரத்தில். பிடித்துக்கொண்டிருந்த கை தளர்ந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். சுகர் இறங்கியிருக்கிறது, குழந்தை அசைவு மெதுவாகத் தெரிகிறது என்றேன்.

"இறங்கினா நல்லதுதானே மேடம். கடைசி மாசத்துல இடம் பத்தாது, அசைவு கம்மியாத்தான் தெரியும். அது நார்மல்தான், கவலைப்படாதீங்க. உங்க அடுத்த பெல்ட் வியாழக்கிழமைதான்."

போனை வைத்தேன். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் குழைவு, 'நார்மல்தான்' என்பதில் விழுகிற அந்த அழுத்தம், எல்லாம் நான் தினமும் செய்வது. பாவம், அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம்கூட இல்லை. அவளுக்கு எதிரேயும் ஒரு திரை இருக்கும், அதில் எழுதியிருப்பதைத்தான் சொல்கிறாள். நான் பார்க்காத மெஷின்கள் மாதிரி, என் வயிற்றை அவள் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை.

"ஏய், வண்டியை எடு" என்றேன் நாத்தனாரிடம்.

"எல்லாம் நல்லாத்தானே இருக்கு அண்ணி? எதுக்கு இப்போ?"

"நல்லா இருக்குன்னு யாரு பாத்தா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் ஓட்டின ஓட்டத்தில் பிரேக் என்று ஒன்று இருப்பதே மறந்திருந்தது.

பெல்ட் அக்கா வாசலிலேயே மடக்கினார். "இன்னைக்கு உன் நாள் இல்லையே. கட்டில் எல்லாம் ஆள் இருக்கு, வியாழக்கிழமை வாம்மா."

"கட்டுறவரைக்கும் நான் இங்கருந்து நகரமாட்டேன்க்கா."

"சுகர் எவ்வளவு?"

"எழுபத்தாறு."

"அடேங்கப்பா, நானே அவ்வளவு நல்லா இல்லயே!"

"அக்கா, தயவுசெஞ்சு கட்டுங்க. பாத்துட்டு என்னைத் திட்டுங்க, அடிங்க, வாங்கிக்கறேன்" என்றேன். அவர் பெருமூச்சு விட்டு, முதலில் காலியாகிற கட்டிலுக்குக் காத்திருக்கச் சொன்னார். காத்திருந்தேன். ஒருத்தி எழுந்து போனதும் அந்தச் சூட்டிலேயே போய்ப் படுத்தேன்.

"உங்க அண்ணிக்கு எவ்வளவு பிடிவாதம்" என்று என் நாத்தனாரைச் சீண்டிக்கொண்டே பெல்ட் அக்கா கட்டினார், பொத்தானை அழுத்தினார்.

மாடிப்படியில் இறங்குகிற சத்தம் கேட்டது. மெதுவாக. ஒரு படி. இன்னொரு படி. பிறகு நின்றது. மற்ற திரைச்சீலைகளுக்குப் பின்னால் எல்லோருடையதும் ஓடிக்கொண்டிருந்தது. என்னுடையது நடுப்படியில் நின்று, கைப்பிடியைத் தேடுகிற மாதிரி நின்று, திரும்ப ஒரு படி எடுத்து வைத்தது.

பெல்ட் அக்கா பேச்சை நிறுத்தினார். குனிந்து மெஷினின் சத்தத்தைக் குறைத்தார், எனக்குக் கேட்கக் கூடாது என்று. பிறகு திரைச்சீலையைக்கூட இழுத்து மூடாமல் ஓடினார். அந்த வயசில் அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

டாக்டரம்மா வந்ததும் காகிதத்தை ஒரு பார்வைதான் பார்த்தார். "நஞ்சுக்கொடி சோர்ந்துபோச்சுன்னு நினைக்கறேன். அது சோர்ந்தா சிலருக்கு சுகர் தானா இறங்கும். எல்லாருக்கும் அப்படி ஆகறதில்ல, அதனால யாரும் இதை நினைக்கறதில்ல. நானும் போன்ல கேட்டிருந்தா சந்தோஷம்தான் பட்டிருப்பேன்" என்றார் நேராகவே. என் தோளைத் தொட்டார். "குழந்தையை இப்போ வெளிய எடுத்துடலாம்."

வீட்டுக்காரர் சட்டையெல்லாம் நீலப் பெயின்ட்டோடு ஓடி வந்தபோது என்னைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். "ஏங்க, அது ரொம்ப நாள் தனியா பிடிச்சிட்டு இருந்துச்சுங்க" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தது போலத் தலையாட்டினார்.

இடுப்புக்குக் கீழே மரத்துப்போய், பச்சைத் துணிக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தேன். இழுக்கிறார்கள் என்று தெரிந்தது. எடுத்துவிட்டார்கள் என்றும் தெரிந்தது. அழுகைச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை.

"அழலயா? ஏன் அழல?"

"பொண்ணு. மூச்சு நல்லா விடுறா" என்றது ஒரு குரல். அந்தக் குரலில் சந்தோஷத்தை விட ஆச்சரியம்தான் இருந்தது. "கண்ணை முழிச்சு எல்லாரையும் பாக்குறா. அழத்தான் மாட்டேங்குறா."

தட்டினார்கள், முதுகைத் தேய்த்தார்கள். அழவில்லை. எடை போட்டார்கள், அழவில்லை. அம்மாவுக்கு பார்டரில் சர்க்கரை இருந்ததால் குழந்தைக்கும் பார்க்க வேண்டும் என்று என் தலைமாட்டுக்கே கொண்டுவந்து குதிகாலில் குத்தினார்கள். "இதுக்கு எல்லாக் குழந்தையும் ஊரையே கூட்டிடும்" என்று சொல்லிக்கொண்டேதான் நர்ஸ் குத்தினாள். குழந்தை காலை இழுக்கவில்லை. முஷ்டியை இறுக்கிக்கொண்டு, நெற்றி சுருங்க, அந்தச் சின்ன மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தது. நர்ஸ் திரையை இரண்டு தடவை பார்த்தாள்.

"எவ்வளவு இருக்குன்னா..." என்று ஆரம்பித்தாள்.

"வேண்டாம், சொல்லாதீங்க. அவளை என்கிட்ட குடுங்க."

என் நெஞ்சின் மேல் வைத்தார்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டு அளவுக்குத்தான் கனம். அந்தக் கண்கள் என்னைப் பார்த்தன. எனக்கு அப்போது பயம் இல்லை, வெட்கமாக இருந்தது. எத்தனை நாள் இவளைக் கண்டு பயந்திருக்கிறேன்.

"போதும்டி" என்றேன் காதுக்குள். "பிடிச்சது போதும். இனிமே நான் பாத்துக்கறேன். நீ விடு."

முஷ்டி மெதுவாகப் பிரிந்தது. வாய் கோணியது. அதற்கப்புறம்தான் என் மகள் அழுதாள்.