வலது கதவு ஸ்பீக்கர்

அந்த ஸ்டீரியோக்காரருக்கு நான் ஒரு மன்னிப்பும் ஒரு நன்றியும் பாக்கி. மன்னிப்பை நேரில் போய்க் கேட்டுவிட்டேன். நன்றியைச் சொல்ல வாயெடுத்தால் அழுகை வந்து தொலைக்கிறது. ஒரு கடையில், நாலு பேர் பார்க்க, நான் அழுகிற ஆள் இல்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

என் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். முப்பத்தொரு வருஷம் ஒரே டிரைவிங் ஸ்கூல். ஊரில் பாதிப் பேருக்குக் கிளட்ச் எது, பிரேக் எது என்று சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். எல்லோரும் வாத்தியார் என்றே கூப்பிடுவார்கள். பொறுமைக்குப் பேர்போனவர் என்று ஊரே சொல்லும். அந்தப் பொறுமையை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார் என்பது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

எனக்கும் கற்றுக்கொடுக்க வந்தார், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால். பழகுகிறவர்களுக்கான காரில் இடது பக்கமும் ஒரு பிரேக் இருக்கும், வாத்தியார் காலுக்கு. நான் வண்டியை நகர்த்துவேன், அவர் மிதிப்பார். மறுபடி நகர்த்துவேன், மறுபடி மிதிப்பார். ஏழாவது தடவை வண்டி குலுங்கி நின்றபோது கதவைத் திறந்து இறங்கி, வீடு வரைக்கும் நடந்தே வந்துவிட்டேன். மூன்று கிலோமீட்டர். அவர் நான்கு விளக்கையும் மின்னவிட்டு என் பின்னாலேயே ஊர்ந்து வந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் வீம்புக்காகவே வேறு ஒரு ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கி, அதை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். வண்டியைத் தொடவே இல்லை.

ஸ்கூலில் கழித்துக்கட்டிய அந்தப் பழைய காரையே பிறகு அவர் வீட்டுக்கு ஓட்டி வந்தார். இடது பக்கப் பிரேக் இன்னும் அப்படியே இருந்தது. டாஷ்போர்டில் ஒரு கேசட் பெட்டி, ரேடியோ. அவ்வளவுதான்.

போன வருஷம் அவர் குரல் கம்மத் தொடங்கியது. நாள் முழுக்கப் பேசிப் பாடம் நடத்தினால் அப்படித்தான் ஆகும் என்று நானே கஷாயம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார். குரல்வளையை எடுத்தாக வேண்டும். உயிருக்குப் பயமில்லை, ஆனால் குரல் திரும்பாது. கழுத்தில் ஒரு துளை வழியாகத்தான் மூச்சு. ஆறிய பிறகு முப்பது நாள் கதிர்வீச்சு, தினமும் ஒரு மணி நேரப் பயணம். பஸ் வேண்டவே வேண்டாம், தூசியும் நெரிசலும் அந்தத் துளைக்கு ஆகாது.

மகள் வெளியூரில் பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். அதனால் ஓட்ட வேண்டியது நான். அவருடைய ஸ்கூலில் வேலை பார்க்கும் ஒரு பயிற்சியாளரம்மா வந்து பத்து நாள் என்னைத் தெருத்தெருவாக ஓட்டவிட்டார். "ஓட்டிடுவீங்கம்மா," என்றார். அவர் குரலில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை தெரியவில்லை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். வெள்ளிக்கிழமை காலை வாத்தியார் சட்டையை மாட்டிக்கொண்டு, "ஸ்டீரியோ கடை வரைக்கும் போயிட்டு வரலாம், வா," என்றார்.

"எதுக்கு?"

"செல்போனை வண்டி செட்டுல சொருகற மாதிரி செய்யணும். முப்பது நாள் போகணுமே. பாட்டு கேட்டுக்கிட்டே போகலாம்."

ஆபரேஷனுக்கு மூன்று நாள் இருக்கும்போது இவருக்குப் பாட்டு கேட்கிறதாம். போகிற வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஸ்டீரியோக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். எட்டுப் போடுவதில் இரண்டு தடவை தோற்று, வாத்தியாரிடம் வந்து தேறியவர். அந்த விசுவாசம் முகத்திலேயே தெரிந்தது. டாஷ்போர்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"புது செட்டே போட்டுடலாமே வாத்தியாரே. ஆனா இந்த ஓட்டைக்கு அது உக்காராது, டாஷ்போர்டை அறுக்கணும். நாலு நாள் ஆகும்."

"நாலு நாள் கிடையாது. இன்னிக்கே வேணும்," என்றார் இவர், கரகரவென்று.

விஷயம் ஊருக்கே தெரியும். ஸ்டீரியோக்காரர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

செட்டை வெளியே உருவி, மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த சர்க்யூட் பலகையில் டேப்பின் சத்தம் போகும் இடத்தைத் தேடிப் பிடித்தார். இடதுக்கு ஒரு ஒயர், வலதுக்கு ஒன்று, எர்த்துக்கு ஒன்று. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி மூன்றையும் பற்றவைத்தார். ஒயரின் மறுமுனையைக் கியர் பக்கத்தில் வெளியே விட்டார். இன்ஜினை முடுக்கிப் பார்த்தால் ஸ்பீக்கரில் கொசு மாதிரி ஒரு கீச் சத்தம். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் கொசுவும் வேகமாகப் பறந்தது. மறுபடி எல்லாவற்றையும் கழற்றி, எர்த்தை வேறு இடத்தில் மாற்றிப் பற்றவைத்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"வலது கதவு ஸ்பீக்கர் நல்லாக் கேக்கணும்," என்றார் இவர். "மத்தது எப்படி இருந்தாலும் பரவாயில்ல."

"பாட்டுன்னா நாலும் கேட்டாத்தானே நல்லாருக்கும்?"

"வலது போதும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "திங்கட்கிழமை கழுத்தை அறுக்கப் போறாங்க, இவருக்கு ஸ்பீக்கர் கவலை. அவர்தான் கேக்கறார்னா நீங்களும் சேர்ந்து ஆடறீங்களே, உங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்று ஸ்டீரியோக்காரர் மேல் பாய்ந்தேன். அந்த மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு வேலையைத் தொடர்ந்தார். நான் கேட்ட மன்னிப்பு இதற்குத்தான்.

கடைசியில் அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து உள்ளே தள்ளினார். ஒரு சத்தமும் வரவில்லை.

"இது காலி கேசட்டுங்க. ஒண்ணுமே பதியாதது. இது உள்ள சுத்திக்கிட்டே இருந்தாத்தான் டேப் ஓடுதுன்னு செட்டு நம்பும், வெளிய இருந்து வர்ற சத்தத்தை விடும். ஒரு பக்கம் முடிஞ்சா தானா மறுபக்கம் திரும்பிக்கும். வெளிய மட்டும் எடுத்துடாதீங்க."

"எங்க வீடு மாதிரிதான்," என்றேன் வாய்த்துடுக்காக. "ஒருத்தர் வாயை மூடினாத்தான் இன்னொருத்தர் பேசறது கேக்கும்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஸ்டீரியோக்காரர் ஒயரைச் சுருட்டுவது போல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதலில் சிரித்தது இவர்தான். கரகரவென்று, இருமி இருமி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

சனிக்கிழமை அவர் என்னோடு உட்கார்ந்து பேசுவார் என்று நினைத்தேன். இன்னும் இரண்டு நாள் குரல்தானே மிச்சம். என்ன பேச வேண்டும் என்றில்லை, காய் நறுக்கும்போது குறை சொன்னால்கூடப் போதும். அவரோ காலை டிபனை முடித்ததும், "ஒரு சுத்து போயிட்டு வரேன்," என்று சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையும் அதே கதை. திரும்பி வந்தபோது குரல் அநேகமாகப் போயிருந்தது.

"பாட்டோட சேர்ந்து பாடினீங்களாக்கும்," என்றேன்.

"ம்."

"இருக்கிற ரெண்டு நாள் குரலையும் காருக்குக் குடுத்துட்டு வாங்க. எனக்கு எதுக்கு?"

அவர் சாவியை ஆணியில் மாட்டினார். நானும் விடவில்லை, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவருக்குக் குரல் இருந்த கடைசிச் சாயங்காலம் அப்படித்தான் போனது. ஆபரேஷன் அறை வாசலில் காத்திருந்த ஆறு மணி நேரமும் அதுதான் என்னைக் குடைந்தது. நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் வந்து சொன்னபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உயிரோடு திரும்பக் கொடுத்ததற்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியுமா? இருந்தாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் மனசைவிட்டுப் போகவில்லை.

வீட்டுக்கு வந்தபின் எழுதிக்காட்ட ஒரு சிறு பலகை வாங்கிக் கொடுத்தேன். சுருக்கமாகத்தான் எழுதுவார். காப்பி. போதும். மருந்து எங்கே. சண்டை போடக்கூட வழியில்லாமல் போயிற்று. நான் நாலு வார்த்தை சொல்லிவிட்டுக் காத்திருப்பேன், அவர் எழுதி முடிப்பதற்குள் எனக்குக் கோபம் தீர்ந்துவிடும்.

ஆறு வாரம் கழித்துக் கதிர்வீச்சு தொடங்கியது. முதல் நாள் காலையில் நான் வலது சீட்டில் ஏறினேன். அவர் கழுத்தில் மெல்லிய துணியைச் சுற்றிக்கொண்டு இடது சீட்டில் ஏறினார், அந்தப் பிரேக்குக்கு முன்னால். இனி வாயால் திட்டவும் முடியாது, காலால் மிதித்தே என்னைக் கொல்லப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் கேசட்டை உள்ளே தள்ளி, ஒயரைச் செல்போனில் சொருகினார்.

"பாட்டெல்லாம் வேண்டாங்க. எனக்கு இருக்கிற படபடப்புல..."

"ம். உக்காந்தாச்சா?" என்றது வலது கதவு.

எனக்கு இடது காது மந்தம். தறி மில்லில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்ததற்குக் கிடைத்த பரிசு. இடது பக்கம் செல்போன் அலறினாலும், வண்டிச் சத்தத்தில் எனக்குக் கேட்காது. அவருடைய இந்தக் குரல் என் நல்ல காதுக்கு ஒரு சாண் தள்ளி, தெளிவாகக் கேட்டது.

"சீட்டை முன்னாடி இழு. இன்னும் கொஞ்சம். உனக்குக் கால் எட்டாது. ஒத்துக்கவும் மாட்ட."

"எட்டுது," என்றேன், என்னை அறியாமல்.

"எட்டுதுன்னு சொல்லுவ. கிளட்ச்சை முழுசா மிதிச்சுப் பாரு."

எட்டவில்லை. இழுத்துப் போட்டேன். திரும்பிப் பார்த்தால், அவர் செல்போனை மடியில் வைத்துக்கொண்டு, டெஸ்ட் எடுக்கும் அதிகாரி மாதிரி நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னை ஏன் பாக்கற? கண்ணாடியைப் பாரு."

வழி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். பள்ளிக்கூடத்து மேடு வருது, இரண்டாவது கியர். பெட்ரோல் பங்க் தாண்டினதும் ஒரு பள்ளம், அது நேத்தும் இருந்துச்சு, நாளைக்கும் இருக்கும். பாலத்துக்குக் கீழே லாரிக்காரன் ஹார்ன் அடிப்பான், அடிச்சுட்டுப் போகட்டும், அவன் உன் மாமனார் இல்ல. அவர் தன் வேகத்துக்குப் பேசிப் பதிந்திருந்தார், நானோ ஆமை. அதனால் நான் ஓர் இடத்துக்கு வந்து சேரும் வரைக்கும் கட்டைவிரலால் தன் குரலை நிறுத்தி வைத்திருந்தார். நான் திருப்பத்துக்கு வந்ததும் மறுபடி தட்டுவார். "இண்டிகேட்டர்," என்று குரல் வரும். "தெரியும்," என்பேன். "தெரியும்னு சொல்லிட்டுப் போடாம இருப்ப," என்று அது திருப்பிக் கொடுக்கும். போடாமல்தான் இருந்தேன்.

சனியும் ஞாயிறும் எங்கே போனார் என்று பெட்ரோல் பங்க் தாண்டுமுன்பே எனக்குப் புரிந்துவிட்டது. இந்த ரோட்டில்தான் தனியாக ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். பக்கத்தில் இடது சீட்டு காலி. அந்தக் காலி சீட்டைப் பார்த்து என்னோடு சண்டை போட்டுக்கொண்டே போயிருக்கிறார். நான் என்ன பதில் சொல்வேன் என்பதற்குக்கூட இடம் விட்டுப் பேசியிருக்கிறார். கண்ணில் நீர் முட்டியது. துடைத்தால் ஸ்டீரிங்கை விட வேண்டும், துடைக்கவில்லை.

"அழாத," என்றது கதவு. "ரோடு தெரியாது."

ஒரு மணி நேர வழி, ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஆனால் சேர்ந்துவிட்டோம், ஒரு கீறல் இல்லாமல்.

திரும்பும்போது அவர் செல்போனில் வேறு ஒன்றைத் தட்டினார்.

"வீட்டுக்கு வழி உனக்குத் தெரியும். அதனால இப்ப வேற பேசறேன். வெள்ளிக்கிழமை பேசலாம்னு பாத்தேன், நீ கோவமா இருந்த. நேர்ல பேசினா ரெண்டாவது வார்த்தையில சண்டை வந்துடும். இங்கன்னா நீ குறுக்க பேசினாலும் நான் பாட்டுக்குப் பேசலாம்." இருமல். "அன்னிக்கு நீ இறங்கி நடந்த பாரு. மூணு கிலோமீட்டர் உன் முதுகையே பாத்துக்கிட்டு வந்தேன். எத்தனையோ பேருக்குக் கத்துக்குடுத்திருக்கேன், வேணும்னா மட்டும்தான் பிரேக்கை மிதிப்பேன். உனக்கு மட்டும் ஏழு தடவை மிதிச்சேன். ஒரு தடவைகூட வேண்டியிருக்கல. நீ சரியாத்தான் ஓட்டின. எனக்குத்தான் பயம், உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு. அதைச் சொல்லத் தெரியல. இப்ப என் காலைப் பாரு. ஓட்டும்போது பாக்காத, சிக்னல்ல நின்னதும் பாரு."

சிக்னல் சிவப்பானது. பார்த்தேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பிரேக்கின் மேல் யாருடைய காலும் இல்லை. போகும்போதும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார், நான்தான் கவனிக்கவில்லை.

பச்சை விழுந்தது. அவர் பேசிக்கொண்டே வந்தார். மகள் பிறந்த நாள், நான் மில்லை விட்ட நாள், என் கஷாயத்தின் கசப்பு, எதையும் விடவில்லை. இத்தனை பேச்சை இந்த மனுஷன் எங்கே வைத்திருந்தார்? எனக்குக் கொடுக்கவில்லை என்று நான் அழுத இரண்டு நாள் குரலையும், ஒரு சொட்டு சிந்தாமல் எனக்காகவே சேர்த்து வைத்திருக்கிறார். என் ஆயுசுக்கு இது போதும் என்று தோன்றியது.

எங்கள் தெரு வந்தது, வீடும் வந்தது. குரல் இன்னும் முடியவில்லை. நான் வேகத்தைக் குறைக்காமல் கேட்டைத் தாண்டினேன். அவர் திடுக்கிட்டு, வீடு பின்னால் போகிறது என்று கையை ஆட்டினார். டாஷ்போர்டை டொக்டொக்கென்று தட்டினார். மடியில் இருந்த பலகையைத் தேடினார்.

"தெரியும், தெரியும்," என்றேன், அடுத்த திருப்பத்துக்கு இண்டிகேட்டரைப் போட்டபடி. "கொஞ்சம் சும்மா இருங்க. நீங்க பேசறது கேக்க மாட்டேங்குது."